பூச்சியத்தில் பிறந்தவர்களும் கோபோலும்

1

நுரைச்சோலையில் என் தங்கச்சியின் மாப்பிள்ளை நஸார் ஒரு கொம்பியூட்டர் வகுப்பு நடத்துகிறார். போன மாதம் ஒரு நாள், அங்கே இரவு இஷாத் தொழுகை முடிந்த கையோடு எனக்குப் போன் எடுத்தார். இங்கே கனடாவில் எனக்கு அது காலைத் தேநீர் நேரம். உப்புக்காற்றில் வகுப்பின் பெயர்ப்பலகை உரிந்துபோய்விட்டதாம், புதிதாக எழுதப் போகிறாராம். பலகையில் அவர் படிப்பிக்கும் கணினி மொழிகளின் பட்டியல் இருக்கிறது. பட்டியலின் கடைசியில் கோபோல்.

“மதினி, கோபோலை அழிக்கவா, விடவா? இப்ப அதால பிரயோசனம் இருக்கா?”

அதை இதுவரை எத்தனை பேர் படித்தார்கள் என்று கேட்டேன். ஒருவரும் இல்லையாம். பிறகு எதற்குப் பலகையில் போட்டீர்கள் என்றேன். என் மேல் உள்ள மரியாதையில் போட்டாராம். மதினி வெளிநாட்டில் அதில்தான் சோறு தின்கிறார் என்று ஊரில் சொல்லிக்கொள்ளலாமே. இருபத்தாறு வருடம் இங்கே குப்பை கொட்டியதற்கு ஒரு பலகையின் அடியில் ஒரு வரியாவது கிடைத்ததே என்று நினைத்துக்கொண்டேன்.

கோபோல் என்பது என்னை விட மூத்த மொழி. அதைத் தெரிந்தவர்களைப் பார்த்தால் இங்குள்ள இளைஞர்கள் கையைப் பிடித்து வீதி கடக்க உதவி செய்ய வருவார்கள். நஸாரிடம் யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். காரணம், அந்தக் கிழமைதான் அதே கேள்வி நான் வேலை செய்யும் கந்தோரிலும் வந்து என் கதிரையில் உட்கார்ந்திருந்தது.

2

நான் அதைப் படித்தது புத்தளத்தில், ஒரு இரும்புச் சாமான் கடைக்கு மேலே இருந்த வகுப்பில். வகுப்பில் கொம்பியூட்டர் இல்லை. கட்டம் போட்ட தாளில் பென்சிலால் புரோகிராம் எழுதுவோம். மாஸ்டர் அவற்றைக் கட்டாகக் கட்டி கொழும்புக்கு பஸ்ஸில் அனுப்புவார். யாரோ அங்கே தட்டிப் பார்த்து, அடுத்த கிழமை விடையை அனுப்புவார்கள். ஒரு முற்றுப்புள்ளியை விட்டுவிட்டேன் என்பதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒன்பது நாள் எடுத்தது. இந்தக் கதையைச் சொன்னால் என் மகள் சுமையா என்னைக் கற்காலத்தில் பிறந்தவளைப் போலப் பார்ப்பாள்.

இங்கே வந்து சேர்ந்த காலத்தில், ஆண்டு இரண்டாயிரம் பிறந்தால் உலகத்துக் கணினி எல்லாம் நின்றுவிடும் என்று ஒரு பயம் பரவியிருந்தது. கோபோல் தெரிந்தவர்களைத் தேடித் தேடிப் பிடித்தார்கள். அந்தப் பயத்தின் புண்ணியத்தில்தான் எனக்கு இந்த நகரத்து முதியோர் சேவைக் கந்தோரில் வேலை கிடைத்தது. வயதானவர்களுக்கு ஒரு அட்டை கொடுப்பார்கள். அந்த அட்டை இருந்தால் அவர்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போக வீட்டு வாசலுக்கு வண்டி வரும். யாருக்கு அட்டை, எப்போது புதுப்பிப்பது என்று முடிவு செய்யும் புரோகிராமைக் கவனிப்பது என் வேலை.

அங்கே ஏற்கனவே ஒருவர் இருந்தார். முதல் நாள் நான் இயந்திரத்தை வாய்க்குள் ஏசிக்கொண்டிருந்தபோது பக்கத்து மேசையிலிருந்து, “அதுக்குத் தமிழ் விளங்காது நங்கி” என்று குரல் வந்தது. சிவநாதன் அண்ணன். முன்னேஸ்வரத்துக்காரர். சிலாபத்துப் பக்கத்தவர் என்பதால் தங்கச்சி என்று சொல்ல வேண்டிய இடத்தில் சிங்களத்தில் நங்கி என்பார். ஊரில் இருந்திருந்தால் அவர் ஊருக்கும் என் ஊருக்கும் ஒரே பஸ் பாதை, ஆனால் ஆயுளுக்கும் சந்தித்திருக்க மாட்டோம். அதற்கு இவ்வளவு தூரம் பனியில் வர வேண்டியிருந்தது.

எங்கள் குற்றம் அங்கேதான் தொடங்கியது. புரோகிராம் எழுதுகிறவர்கள், இந்த இடம் எதற்கு என்று பின்னால் வருகிறவர்களுக்குக் குறிப்பு எழுதி வைப்பார்கள். கணினி அந்தக் குறிப்பை வாசிக்காது, மனிதர்தான் வாசிக்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்பது கந்தோர்ச் சட்டம். பின்னால் வரப்போகிறவர்கள் நாங்கள் இருவர்தான் என்பதால் நாங்கள் தமிழில் எழுதினோம், ஆங்கிலப் பெரிய எழுத்துகளில். அதுவும் ஊர்ப் பேச்சில். ‘இதுல கை வெச்சா கை சுடும்’ என்று அண்ணன் எழுதுவார். ‘வெச்சுப் பாத்தன், சுட்டது’ என்று நான் கீழே எழுதுவேன். இருபது வருடம் இப்படியே போனது. ஒருவரும் கேட்கவில்லை, ஏனென்றால் ஒருவரும் திறந்து பார்க்கவில்லை.

அண்ணன் ஓய்வு பெற்று இப்போது மாடிவீட்டுப் பல்கனியில் பச்சை மிளகாய் வளர்க்கிறார். நான் தனியே இருந்தேன்.

3

போன வருடம் கந்தோர் முடிவு செய்தது. பழைய முறைமையை மூடிவிட்டு எல்லாவற்றையும் புது மொழியில் எழுதப் போகிறார்கள். வெளியே ஒரு நிறுவனத்துக்கு அந்த வேலையைக் கொடுத்தார்கள். புதியது ஓடத் தொடங்கியதும் என் பதவி முடியும். முழுப் பென்ஷனுக்கு எனக்கு இன்னும் மூன்று வருடம் தேவை. கணவர் மவுத்தாகி, அவர் சம்பளம் நின்று ஆறு வருடமாகிறது. ஆகையால் இந்த மூன்று வருடம் எனக்குச் சின்ன விஷயம் இல்லை.

அந்த நிறுவனத்தில்தான் சுமையா வேலை செய்கிறாள் என்பதைச் சாப்பாட்டு மேசையில் தெரிந்துகொண்டேன். அவள்தான் அந்தக் குழுவுக்குப் பொறுப்பாம். பெற்று வளர்த்துப் படிக்கவைத்த பிள்ளை என் வேலையைப் பிடுங்க வந்து, அதுவும் என் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே சொல்கிறாள். இன்னும் கொஞ்சம் கறி போடவா என்று கேட்டேன். அவள் பாவம், அழுதுவிட்டாள். வேறு ஆளிடம் கொடுக்கச் சொல்லவா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். வேண்டாம், யாரோ பிடுங்குவதை விட நீயே பிடுங்கு என்றேன். அதற்குப் பிறகு வீட்டில் கந்தோர்க் கதை பேசுவதில்லை என்று ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டோம்.

சுமையாவின் தமிழைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாப்பாடு சம்பந்தமான தமிழ் முழுவதும் விளங்கும். ஏச்சும் விளங்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ள தமிழ் வரவர ஒழுகிப்போய்விட்டது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு நான்கு வருடம் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே அவள் படித்தது, வகுப்புக்குப் பின்னால் இருந்த கடையில் சமோசா நல்லது என்பதைத்தான்.

4

அவளுடைய குழு எங்கள் புரோகிராமைத் திறந்தது. ஆயிரக்கணக்கான வரிகளுக்கு நடுவே எங்கள் குறிப்புகள். இது என்ன பாஷை என்று அந்தப் பிள்ளைகள் திகைத்துப் போனார்கள். மொழிபெயர்க்கும் மென்பொருளில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அது முதலில் பின்லாந்து மொழி என்றதாம், பிறகு ஏதோ பசுபிக் தீவு மொழி என்றதாம். சுமையாவுக்கு அது தமிழ் என்று விளங்கியிருக்கும். ஆனால் தன் உம்மா இருபது வருடம் சட்டத்தை மீறியதைக் குழுவுக்கு முன்னால் சொல்ல அவளுக்கு வெட்கம். கணினி வாசிக்காத வரிகள்தானே, தேவையில்லை, எடுத்துவிடுவோம் என்று முடிவு செய்தார்கள்.

விஷயம் என் மேலாளருக்கு மட்டும் எப்படியோ போனது. இருபத்தாறு வருடத்தில் முதல் முறையாக எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இனிமேல் குறிப்புகளை ஆங்கிலத்தில் மட்டும் எழுத வேண்டுமாம், மீறினால் என் எதிர்கால முன்னேற்றம் பாதிக்கப்படலாமாம். வேலை முடியப்போகிற ஆளுக்கு எதிர்கால முன்னேற்றம். ஊரில் அரசாங்கக் கச்சேரியில்தான் இப்படிக் கடிதம் எழுதுவார்கள் என்று நினைத்திருந்தேன்.

பிறகு பரீட்சார்த்தமாகப் புதியதை ஓட்டிப் பார்த்தார்கள். பழையதிலிருந்து புதியதற்கு எல்லாப் பெயர்களையும் மாற்றினார்கள். மாற முடியாத பெயர்கள் ஒரு பட்டியலாக வந்தன. தலைப்பு: ‘தவறான தரவு, நீக்கப்பட்டது’. பழைய முறைமையின் ஆள் என்ற வகையில் அந்தப் பட்டியலைச் சரிபார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டியது நான்.

பட்டியலில் ஒரு பக்கம் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. சோமாலியா, ஆப்கானிஸ்தான், வன்னி, மன்னார். அங்கிருந்து வந்த முதியவர்கள். எல்லாருக்கும் பிறந்த வருடம் மட்டும் இருந்தது. மாதம் பூச்சியம், நாள் பூச்சியம். கோபோலுக்கு அது வெறும் எட்டு இலக்கம், பூச்சியத்தைக் கொடுத்தால் பூச்சியத்தை வைத்துக்கொள்ளும். புது மொழிக்குத் திகதி என்றால் உண்மையான திகதியாக இருக்க வேண்டும். பூச்சியமாம் நாளில் பிறந்த மனிதன் அதன் கணக்கில் மனிதனே இல்லை.

பட்டியலின் நடுவில் எங்கள் கட்டடத்துக் கீழ்வீட்டு ஆப்கான் பெரியவரின் பெயரும் இருந்தது. கிழமைக்கு மூன்று நாள் சிறுநீரகச் சிகிச்சைக்குப் போகிறவர். காலையில் நான் வேலைக்குப் போகும்போது நெஞ்சில் கை வைத்து சலாம் சொல்வார்.

5

என்னைப் பெற்ற வாப்பாவும் பூச்சியத்தில் பிறந்தவர்தான். நுரைச்சோலையில் எங்கள் வெங்காயத் தோட்டத்துக் கிணறு வெட்டிய வருடம் பிறந்தார் என்பது மட்டும் குடும்பத்துக்குத் தெரியும். பிறப்பைப் பதிய யாரும் போகவில்லை. அடையாள அட்டை வந்த காலத்தில் கிராம சேவகர் வருடத்தை எழுதிவிட்டு மாதத்துக்கும் நாளுக்கும் பூச்சியம் போட்டுக் கொடுத்தார். வாப்பா அதை வைத்துக்கொண்டு சந்தோஷமாக வாழ்ந்தார். கேக் வெட்டச் சொல்லி ஒருவரும் கரைச்சல் கொடுக்கவில்லை.

அவரை இங்கே கூப்பிட்டபோதுதான் பிரச்சினை. இங்கே பிறந்த நாள் தெரியாதவர்களை அதிகாரிகள் வழக்கமாக ஜனவரி முதலாம் திகதி பிறந்தவர்களாக ஆக்கிவிடுவார்கள். எங்கள் பள்ளிவாசலில் ஜனவரி ஒன்று வந்தால் தொழ நிற்கும் சப்பு வரிசையில் பாதிப் பேருக்குப் பிறந்த நாள். வாப்பா மாட்டேன் என்றார். “நான் ஜனவரி ஒண்டில பிறக்கல்ல மகள். தெரியாததைத் தெரியும் எண்டு எழுதி எப்படிக் கையெழுத்து வைக்கிற?” என்றார். அதிகாரி என்னைப் பார்த்தார், நான் வாப்பாவைப் பார்த்தேன், வாப்பா சுவரைப் பார்த்தார். கடைசியில் எல்லாத் தாளிலும் பூச்சியமே நின்றது.

முதியோர் அட்டை கிடைத்தது. ஆனால் அட்டையை அவரவர் பிறந்த மாதத்தில்தான் புரோகிராம் புதுப்பிக்கும். பூச்சியமாம் மாதம் எந்த வருடத்திலும் வராது. வாப்பாவின் அட்டை சத்தமில்லாமல் காலாவதியானது. ஒரு மாசி மாதக் காலையில், நெஞ்சு வைத்தியரைப் பார்க்கப் போக, என் கணவரின் பெரிய கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். உள்ளே நின்றால் சாரதி ஹோர்ன் அடிப்பது கேட்காது என்று பனியில் போய் நின்றிருக்கிறார். வண்டி வரவில்லை. நான் வேலையில் இருந்தேன், அந்த வண்டியை அனுப்பும் புரோகிராமுக்கு முன்னால் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு மணித்தியாலம் நின்றுவிட்டு உள்ளே வந்தவர், அவர்களுக்கு என்ன கஷ்டமோ என்று சொன்னாராம்.

அடுத்த நாளே அப்போதிருந்த மேலாளரிடம் அனுமதி வாங்கி, நானும் சிவநாதன் அண்ணனும் சில வரிகள் சேர்த்தோம். மாதம் பூச்சியம் என்றால் ஜனவரியில் புதுப்பித்துவிடு, ஆனால் திகதியில் கை வைக்காதே. மேலே குறிப்பும் எழுதினோம், வழக்கம் போல எங்கள் தமிழில்.

வாப்பா அடுத்த கோடையில் ஊருக்குத் திரும்பிப் போய், தன் தோட்டத்திலேயே கண்ணை மூடினார்.

6

வெள்ளிக்கிழமைக்குள் நான் கையெழுத்து வைக்க வேண்டும். சிவநாதன் அண்ணனுக்குப் போன் எடுத்து விஷயத்தைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் மிளகாய்ச் செடியைப் பற்றிப் பேசினார். பிறகு நிதானமாகச் சொன்னார்.

“நங்கி, பட்டியல் சரியா எண்டுதானே உன்னட்டக் கேட்டிருக்கு. பட்டியல் சரி. கையெழுத்தை வெச்சிட்டு வாயை மூடிக்கொண்டு இரு. வண்டி வராட்டி ஊரே சத்தம் போடும், பழையதைத் திரும்பப் போடுவாங்க. உனக்கு மூணு வருஷம் கிடைக்கும்.”

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அன்று முழுவதும் நான் அதைத்தான் யோசித்தேன். சத்தம் வர எத்தனை நாள் எடுக்கும், இரண்டு நாளா, ஒரு கிழமையா, அதற்குள் யாருக்கு என்ன ஆகும். சுமையாவின் பெயர் எவ்வளவு கெடும், இளம் பிள்ளைதானே, மறந்துவிடுவார்கள். இப்படியெல்லாம் யோசித்தேன் என்பதை மறைக்கவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். வெளிநாட்டில் நாங்கள் எல்லாரும் தங்கமான மனிதர்களாகிவிட்டோம் என்று ஊரில் யாரும் நினைக்கக் கூடாது.

மாலையில் சுமையா வந்தாள். அவளுக்குப் பாணும் பருப்பும் வைத்தேன். ஒப்பந்தத்தை மீறப் போகிறேன் என்று சொல்லி, பட்டியலையும், அவர்கள் எடுத்தெறிந்த அந்தக் குறிப்பின் பிரதியையும் மேசையில் வைத்தேன். வாசி என்றேன்.

ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, நாக்கு தடக்கத் தடக்க வாசித்தாள். “வாப்பா பொய்த் திகதிக்குக் கையெழுத்து வைக்க மாட்டார். அவரைப் போல இன்னும் ஆக்கள் இருப்பாங்க. இதை எடுத்தா வண்டி வராது.” அதற்குக் கீழே அண்ணனின் வரி: “எடுக்கிறவர் வீட்டு வாசலில நான் வந்து நிப்பேன்.”

“வாப்பா எண்டா, நுரைச்சோலை அப்பாவா?” என்று கேட்டாள். எங்கள் பக்கத்தில் பாட்டனாரை அப்பா என்பார்கள். ஓம், உன் அப்பாதான், என் வாப்பா என்றேன். கோட்டுக் கதையைச் சொன்னேன். அவள் பாணைத் தொடவில்லை.

ஆனால் அவள் என் மகள், உடனே ஒத்துக்கொண்டால் அதிசயம். எல்லாருக்கும் ஜனவரி ஒன்று என்று போட்டுவிட்டால் ஒரு மணித்தியாலத்தில் வேலை முடிந்துவிடுமே, அது வெறும் நிரப்பும் எண்தானே என்று ஆங்கிலத்தில் வாதாடினாள். அந்த ஆட்களுடைய மற்றத் தாள் எல்லாவற்றிலும் பூச்சியம் இருக்கிறது, இதில் மட்டும் வேறு திகதி இருந்தால் அடுத்த கந்தோரின் ஜன்னலில் அவர்களைத் திருப்பி அனுப்புவார்கள் என்றேன். அதுவும் போக, அது பொய் என்றேன். பிறகு என்ன செய்ய என்று கேட்டாள். திகதி என்று ஒரே பெட்டியாக வைக்காதே, வருடம், மாதம், நாள் என்று மூன்று சின்ன எண்ணாக வை, பூச்சியத்தை விடு என்றேன்.

அவள் விரலால் மேசையில் மூன்று பெட்டி போட்டுப் பார்த்தாள். “உம்மா, அது கோபோல் செய்ற மாதிரியே.”

ஓம் என்றேன். இதைவிடப் பெரிய வெற்றி எனக்கு இந்தக் கந்தோரில் கிடைத்ததில்லை. அதை அனுபவிக்க விடாமல் அடுத்த கேள்வியைக் கேட்டாள்.

“நீங்க சொல்லாம இருந்திருந்தா வேலை போயிருக்காது, என்னா?”

“போயிருக்காது.”

அவள் எழுந்து வந்து என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். பருப்பு ஆறிவிட்டது, திரும்பவும் சூடாக்க வேண்டியிருந்தது.

அடுத்த நாள் காலை அண்ணன் போன் எடுத்தார். நான் சொன்னதைக் கேட்டாயா என்று விசாரித்தார். இல்லை என்றேன். “ஹரி, அப்ப நல்லது” என்று, சரிக்குச் சிங்களத்தைப் போட்டுச் சொல்லி வைத்துவிட்டார்.

7

பட்டியலில் நான் கையெழுத்து வைக்கவில்லை. குழு இரண்டு கிழமை மேலதிகமாக எடுத்துத் திருத்தியது. கூட்டத்தில் சுமையா எழுந்து, பிழை தங்களுடையது என்றும், கண்டுபிடித்தது தன் உம்மா என்றும் சொன்னாள். மேலாளர் கைதட்டினார். எச்சரிக்கைக் கடிதத்தைத் திரும்ப எடுப்பார் என்று பார்த்தேன், அதற்கு வேறு ஒரு படிவம் நிரப்ப வேண்டுமாம்.

நஸாருக்கும் பதில் சொன்னேன். கோபோல் என்ற சொல்லை அழியுங்கள், அதைப் படிக்கப் பிள்ளைகள் வரமாட்டார்கள். ஆனால் உலகத்தில் பழைய கந்தோர்கள் இருக்கும்வரை அது எங்கேயோ ஓடிக்கொண்டுதான் இருக்கும், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்த ஒரு ஆள் மட்டும் வேண்டும் என்றேன். அவர் முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டார்.

இரண்டாம் முறை ஓட்டிப் பார்த்தபோது நீக்கப்பட்டவர்கள் பட்டியல் வெறுமையாக வந்தது. அதில் கையெழுத்து வைத்தேன். அதோடு பழைய முறைமையை நிறுத்தலாம் என்ற தாளிலும் வைக்க வேண்டியிருந்தது. வைத்தேன். மாத முடிவில் புது முறைமை ஓடத் தொடங்கியது, என் வேலை முடிந்தது. பென்ஷன் குறையத்தான் போகிறது. சுமையா மாதாமாதம் தருகிறேன் என்கிறாள், நான் அதைப் பற்றிக் கதைக்காதே என்கிறேன்.

வேலை இல்லாத முதல் திங்கட்கிழமை காலை, எங்கே போவதென்று தெரியாமல் ஜன்னலில் நின்றேன். கீழே ஆப்கான் பெரியவர் கோட்டும் தொப்பியுமாக வாசலில் நின்றார். எட்டு மணிக்கு வண்டி வர வேண்டும். எட்டானது. எட்டு தாண்டி மூன்று நிமிடமானது. அவர் வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றார், நான் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எட்டு ஐந்துக்கு வண்டி வீதி மூலையில் திரும்பி வாசலில் வந்து நின்றது. சாரதி இறங்கி அட்டையைப் பார்த்தார், தலையாட்டினார், பெரியவரைக் கைபிடித்து ஏற்றினார். வண்டி போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு சுமையாவுக்குப் போன் எடுத்து, உன் புது முறைமை ஐந்து நிமிடம் பிந்திப் போகிறது என்று முறைப்பாடு செய்தேன்.